'பார்த்துச் செய்' என்றால் போதுமா?

தமிழ்ல 'பார்த்துச் செய்' என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்கு. ஒன்று, கவனமாகச் செய். இன்னொன்று, நான் செய்றதைப் பார்த்து அதே மாதிரி நீயும் செய். குழந்தை டம்ளரைத் தட்டிவிட்டால் முதல் அர்த்தத்தில் சொல்வோம். ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் நின்றால் இரண்டாவது அர்த்தத்தில் சொல்வோம். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: கண் ஒழுங்காகப் பார்த்தால் கை தானாகச் செய்துவிடும். கை செய்யவில்லையா, அப்போ கண் ஒழுங்காகப் பார்க்கவில்லை, அதாவது பிள்ளைக்குக் கவனம் இல்லை.

இந்த நம்பிக்கை தவறு. அதனால் வகுப்புக்கு ஓரிரண்டு குழந்தைகள் தினமும் அடிபடுகிறார்கள். சில சமயம் நிஜமாகவே அடி. பல சமயம் சிரிப்பும் கிண்டலும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் ஒரு செமஸ்டராவது படித்த நாம்தான் இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டியவர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தக் குழந்தையை உங்களுக்குத் தெரியும். உங்க வகுப்பிலும் இருந்திருப்பான், இருந்திருப்பாள். நல்லாப் பேசுவான், கணக்கு போடுவான். ஆனால் சட்டை பட்டன் ஒரு ஓட்டை தள்ளிப் போயிருக்கும். டிபன் பாக்ஸ் திறக்கும்போது சாப்பாடு மடியில் கொட்டும். பி.டி. பீரியடில் டீம் பிரிக்கும்போது கடைசியாக நிற்பது அவன்தான். டிரில்லில் எல்லாரும் கையைத் தூக்கும்போது இவன் இறக்குவான். போர்டில் இருப்பதை நோட்டில் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஆசிரியரின் தீர்ப்பு ரெடியாக இருக்கும்: 'மூளை இருக்கு, பொறுப்பு இல்ல.'

இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: டெவலப்மென்டல் கோஆர்டினேஷன் டிஸார்டர், சுருக்கமாக டிசிடி. டிஸ்ப்ராக்ஸியா என்றும் சொல்வார்கள். அதற்கு முன்பு 'க்ளம்ஸி சைல்ட்' என்றே பெயர் வைத்திருந்தார்கள், அதாவது தடுமாறும் குழந்தை. 1994-ல் கனடாவின் லண்டன் நகரில் ஆய்வாளர்கள் கூடி, இனி டிசிடி என்ற ஒரே பெயரைப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு, 5 முதல் 11 வயதுக் குழந்தைகளில் 5 முதல் 6 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகச் சொல்கிறது. 40 பேர் உள்ள வகுப்பில் சராசரியாக இரண்டு பேர். ஆண் குழந்தைகளில் அதிகமாகக் கண்டறியப்படுகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு வாய்ப்பு கூடுதல். பார்வைக் குறையோ, அறிவுத்திறன் குறைபாடோ, மூளை முடக்குவாதமோ காரணம் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் இந்தப் பெயரைக் கொடுப்பார்கள். அதாவது கண் நல்லா இருக்கு, தசை நல்லா இருக்கு, புத்தியும் நல்லா இருக்கு. பிறகு எங்கேதான் பிரச்சினை?

நம்ம பாஷையில் சொன்னால், கன்ட்ரோலரில்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஐந்து மீட்டர் தூரத்திலிருந்து ஒரு பந்தை உங்களிடம் வீசுகிறார்கள். வேகம் நொடிக்கு 10 மீட்டர். அரை நொடியில் கைக்கு வந்துவிடும். கண்ணில் பட்டது மூளைக்குப் போய், அங்கிருந்து கட்டளை கிளம்பி, கையின் அசைவு மாற ஏறக்குறைய 0.1 முதல் 0.2 நொடி ஆகும். அதற்குள் பந்து 1 முதல் 2 மீட்டர் நகர்ந்திருக்கும். நீங்க 'பார்க்கிற' பந்து எப்போதுமே பழைய பந்துதான். வெறும் ஃபீட்பேக்கை மட்டும் நம்பினால் பந்து பிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

லூப்பில் டெட் டைம் இருந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கெய்னை ஏற்றினால் ஆசிலேட் ஆகும். இறக்கினால் சிஸ்டம் மந்தமாகிவிடும். இதற்கு 1957-ல் ஓட்டோ ஸ்மித் ஒரு வழி சொன்னார். பிளான்ட்டின் ஒரு மாடலைக் கன்ட்ரோலருக்குள்ளேயே வை. நிஜ அவுட்புட் வருவதற்குள் 'இந்நேரம் அது எங்கே இருக்கும்' என்று மாடலே சொல்லட்டும். பரீட்சைக்கு எழுதிய ஸ்மித் ப்ரெடிக்டர்தான் இது. 1993-ல் மியால், வெய்ர், வோல்பர்ட், ஸ்டெய்ன் என்ற நான்கு விஞ்ஞானிகள் ஒரு கட்டுரைக்கு ஏறக்குறைய இதையே தலைப்பாக வைத்தார்கள்: சிறுமூளை ஒரு ஸ்மித் ப்ரெடிக்டரா?

மூளையும் ஒரு மாடலை வைத்திருக்கிறது என்பதுதான் கருத்து. கைக்குக் கட்டளை அனுப்பும்போதே அதன் ஒரு நகல் உள்ளே இருக்கிற மாடலுக்கும் போகிறது. கை எங்கே போய்ச் சேரும் என்று மாடல் முன்கூட்டியே சொல்கிறது. கண் செய்தி அனுப்புவதற்கு முன்பே திருத்தம் ஆரம்பித்துவிடும். மாடிப்படி முடிந்தது தெரியாமல் இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்து அதிர்ந்திருக்கிறீர்களா? உங்க மாடல் சொன்னதும் தரை சொன்னதும் ஒத்துப்போகாத கணம் அது.

டிசிடி குழந்தைகளுக்கு இந்த உள் மாடலை உருவாக்குவதிலும் புதுப்பிப்பதிலும் சிக்கல் இருக்கிறது என்பது இன்று முன்னணியில் இருக்கும் விளக்கங்களில் ஒன்று. ஒரு பொருளை எடுக்கக் கை நீட்டும்போது, பாதி வழியில் இலக்கு சட்டென்று இடம் மாறினால், மற்ற குழந்தைகள் கையை உடனே திருப்பிவிடுகிறார்கள். இவர்களுக்கு அந்தத் திருத்தம் தாமதமாக வருகிறது. இப்போ திரும்பிப் பாருங்க. மெதுவாகச் செய்கிறான், விறைப்பாக இருக்கிறான், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி செய்கிறான் என்று நாம் குறை சொல்வதெல்லாம் என்ன? நல்ல ப்ரெடிக்டர் இல்லாமல், தாமதமாக வரும் ஃபீட்பேக்கை வைத்துக்கொண்டு, ஒரு சிஸ்டம் எப்படியாவது ஓடப் பார்க்கிற அறிகுறிகள். அது சோம்பேறித்தனம் இல்லை. நம்மைவிட அதிக உழைப்பு.

சரி, அசைவில் சிக்கல். பார்த்துச் செய்வதில் என்ன கஷ்டம்? அதுதான் கண்ணுக்கு முன்னாடி செய்து காட்டுகிறோமே?

காட்டுவதில்தான் பெரிய கணக்கு ஒளிந்திருக்கிறது. தோளில் 3, முழங்கையில் 1, முன்கை திரும்புவதில் 1, மணிக்கட்டில் 2. மனிதக் கைக்கு விரல்களை விட்டுவிட்டே 7 டிகிரி ஆஃப் ஃப்ரீடம். ஒரு பொருளை ஒரு இடத்தில் ஒரு கோணத்தில் வைக்க 6 போதும். அதனால் ஒரே வேலையைச் செய்ய எண்ணற்ற வழிகள் இருக்கின்றன. இன்வர்ஸ் கைனமாடிக்ஸ் கணக்கில் நாம் தலையைப் பிய்த்துக்கொள்வதும் இதனால்தான். நீங்க செய்து காட்டும்போது குழந்தை பார்ப்பது உங்க கையின் வெளித்தோற்றத்தை மட்டும். எந்தத் தசை எவ்வளவு இழுத்தது, எப்போது விட்டது என்பது அதில் தெரியாது. அதோடு உங்க கை பெரிசு, அவன் கை சின்னது. நீங்க எதிரில் நிற்கிறீர்கள், எல்லாம் இடவலமாகத் தெரிகிறது. ஓர் உடம்பில் பார்த்ததை வேறோர் உடம்பின் கட்டளைகளாக மாற்ற வேண்டும். செய்து காட்டி ரோபோவுக்குக் கற்றுக்கொடுக்கும் துறையில் இதற்குத் தனிப் பெயரே உண்டு: கரெஸ்பாண்டன்ஸ் பிராப்ளம். லட்சக்கணக்கில் செலவழித்து நாம் ரோபோவில் தீர்க்கப் பார்ப்பதை, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை ஒரே தடவை பார்த்துத் தீர்த்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

சாதாரணக் குழந்தைகளே பார்த்ததை அப்படியே நகல் எடுப்பதில்லை. 2000-ல் பெக்கரிங், வோல்ஷ்லாகர், காட்டிஸ் ஆகியோர் வெளியிட்ட ஒரு எளிய சோதனை. பெரியவர் எதிரில் உட்கார்ந்து தன் காதைத் தொடுவார். குழந்தையும் அதேபோல் தொட வேண்டும். அந்தந்தப் பக்கத்துக் கையால் தொட்டால் பிரச்சினை இல்லை. கையைக் குறுக்கே கொண்டுபோய் எதிர்ப்பக்கக் காதைத் தொட்டுக் காட்டினால், பல குழந்தைகள் சரியான காதைத்தான் தொட்டார்கள், ஆனால் குறுக்கே போகாமல் அந்தப் பக்கத்துக் கையாலேயே. பிறகு சோதனையில் ஒரே ஒரு காதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எந்தக் காது என்று யோசிக்க வேண்டிய வேலை போனதும் குறுக்குக் கைத் தவறுகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. குழந்தை அசைவைப் பார்ப்பதில்லை, நோக்கத்தைப் பார்க்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஒரே நேரத்தில் கையாளக்கூடிய நோக்கங்கள் கொஞ்சம்தான். அதிகமானால் ஏதோ ஒன்று நழுவும்.

நம்ம ஊரில் இது புதுசு இல்லை. தலையைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய் எதிர்க் காதைத் தொட்டால்தான் ஒண்ணாம் வகுப்பு என்று ஒரு காலம் இருந்தது. பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடக் கற்றுக்கொள்ளும் சின்னப் பிள்ளைகளைக் கவனியுங்க. முதலில் வலது கை வலது காதைத்தான் பிடிக்கும். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கையை எடுத்து மாற்றி வைப்பார். 'பார்த்துச் செய்' என்று தூரத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். விஜயதசமிக்கு அரிசியில் 'அ' எழுதும்போதும் விரலைப் பிடித்துத்தான் எழுத வைக்கிறோம். வெறும் காட்சி போதாது என்று நம்ம பாட்டிகளுக்குத் தெரிந்திருக்கிறது. பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகுதான் அது மறந்துபோகிறது.

சாதாரணக் குழந்தைக்கே இப்படி என்றால், உள் மாடல் தடுமாறும் குழந்தைக்கு எப்படி இருக்கும்? சைகைகளையும் உடல் நிலைகளையும் பார்த்துச் செய்யச் சொன்ன பல ஆய்வுகளில் டிசிடி குழந்தைகள் தங்கள் வயதுப் பிள்ளைகளைவிட அதிகம் தவறு செய்திருக்கிறார்கள். எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி, ஒரே அளவில் இல்லை. ஆனால் 'காட்டினேன், பார்த்தான், செய்யவில்லை, அதனால் திமிர்' என்ற நம்ம வாதத்தை உடைக்க அது போதும்.

இங்கே சிலர் மிரர் நியூரான் கதையைக் கொண்டுவருவார்கள். 1990-களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மா நகரில் குரங்குகளின் மூளையில் கண்டார்கள்: ஒரு வேலையைத் தானே செய்யும்போதும், வேறொருவர் செய்வதைப் பார்க்கும்போதும் துடிக்கிற நியூரான்கள். அழகான கண்டுபிடிப்புதான். ஆனால் அதிலிருந்து 'பார்த்தாலே மூளை கற்றுக்கொள்ளும்' என்று தாவக்கூடாது. தோனியின் ஹெலிகாப்டர் ஷாட்டை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பீர்கள்? ஒரு தடவை அடித்துக் காட்டுங்க, பேசிக்கலாம்.

அடுத்த வாதம் 'பழக்கினால் வந்துவிடும்' என்பது. பழக்கம் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் எப்படிப்பட்ட பழக்கம்? கையெழுத்து சரியில்லை என்று அதே பக்கத்தைப் பத்து தடவை இம்போசிஷன் எழுத வைத்தால், குழந்தை பழகுவது அதே தவறான அசைவைத்தான். எரர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் லூப்பை மட்டும் ஓடவிடுவது எந்த லேபிலாவது நடக்குமா? பென்சில் சரியில்லை, பெஞ்சு ஆடுது என்று குழந்தை சொன்னால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகச் சிரிக்கிறோம். சில குழந்தைகளுக்கு நிஜமாகவே பென்சிலின் பருமன், பெஞ்சின் உயரம், கால் தரையில் படுகிறதா என்பதெல்லாம் முக்கியம். கூடம் கோணலாகவும் இருக்கலாம்.

பணயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பந்து பிடிக்க வராததால் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள். ஆனால் பந்து வராத பிள்ளை விளையாட்டிலிருந்து ஒதுங்குகிறான். ஒதுங்குவதால் பழக்கம் குறைகிறது, உடல் தகுதி குறைகிறது, நண்பர்கள் குறைகிறார்கள். டிசிடி உள்ள குழந்தைகளிடம் பதற்றமும் தன்னைப் பற்றிய தாழ்ந்த எண்ணமும் அதிகம் என்பது திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. பரீட்சையில் பதில் தெரிந்தும் எழுதி முடிக்க முடியாமல் மார்க் போகிறது. கையில் ஆரம்பித்த ஒன்று 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்பதில் போய் முடிகிறது. பாசிட்டிவ் ஃபீட்பேக் என்றால் என்ன என்று புத்தகத்தில் படித்தோமே, அது இதுதான். பெயரில் மட்டும்தான் பாசிட்டிவ்.

என்ன செய்யலாம்? வழி இருக்கு. 2019-ல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல், குழந்தைக்குத் தேவையான வேலையையே நேரடியாக எடுத்துப் பயிற்சி கொடுக்கும் முறைகளைப் பரிந்துரைக்கிறது. சைக்கிள் ஓட்ட வேண்டுமா, சைக்கிளிலேயே பழகு. கனடாவில் ஹெலன் பொலடாய்கோ, ஏஞ்சலா மாண்டிச் ஆகியோர் உருவாக்கிய ஒரு முறையில் நான்கே சொற்கள்: இலக்கு, திட்டம், செய், சரிபார். என்ன செய்ய வேண்டும் என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கும். எப்படிச் செய்யலாம் என்று குழந்தையே திட்டம் சொல்லும். செய்து பார்க்கும். திட்டம் வேலை செய்ததா என்று தானே சரிபார்க்கும். பெரியவர் விடையைச் சொல்வதில்லை, கேள்வி கேட்கிறார். டிபக் செய்வது எப்படி என்று ஜூனியருக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரிதான்.

பார்த்துச் செய்வதையும் தூக்கிப் போட வேண்டியதில்லை, அதற்கு உதவி வேண்டும். இங்கிலாந்தில் ஆய்வாளர்கள் ஷூ லேஸ் கட்டுவது போன்ற வேலைகளை வீடியோவில் காட்டி, பார்க்கும் அதே நேரத்தில் 'என் விரல் இதைச் செய்தால் எப்படி இருக்கும்' என்று குழந்தையைக் கற்பனை செய்யச் சொல்லும் பயிற்சியை முயன்றிருக்கிறார்கள். கவனிங்க, வீடியோ குழந்தையின் கண்ணிலிருந்து பார்க்கிற கோணத்தில் இருப்பதுதான் பொருத்தம். எதிரில் நின்று காட்டாதே, பக்கத்தில் நில்.

இது மருத்துவர்கள் வேலை, நமக்கென்ன என்று நீங்க கேட்கலாம். நமக்கு மூன்று இடத்தில் வேலை இருக்கு.

முதலாவது, வார இறுதியில் என்எஸ்எஸ் மூலமாகவோ தன்னார்வ அமைப்புகள் மூலமாகவோ பள்ளிக்குப் போய்ப் பாடம் எடுக்கிறவர்கள். ஒரு பிள்ளை மட்டும் திரும்பத் திரும்பத் தடுமாறினால், குரலை உயர்த்துவதற்குப் பதில் பக்கத்தில் போய் உட்காருங்க. வேலையை மூன்று துண்டாக உடைத்து ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் கேளுங்க. போர்டில் எழுதுவதை ஒரு பேப்பரில் எழுதிக் கையில் கொடுங்க. ஆசிரியரிடமும் வீட்டிலும் 'ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்' என்ற வார்த்தையைச் சொல்லுங்க. மாவட்ட அளவில் அரசு நடத்தும், டிஇஐசி என்று சொல்லப்படுகிற ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இருப்பதைச் சொல்லுங்க. நோய்க்குப் பெயர் வைப்பது உங்க வேலை இல்லை. கவனித்துச் சொல்வது யாருடைய வேலையாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, சட்டம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. அதில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற வகைக்குள் டிஸ்ப்ராக்ஸியா என்ற சொல் இருக்கிறது. ஆனால் அந்த வகையின் வரையறையே மொழியைப் புரிந்துகொள்வது, படிப்பது, எழுதுவது, கணக்கு போடுவது பற்றியது. கை கால் ஒருங்கிணைப்பு பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெயர் உள்ளே, பிரச்சினை வெளியே. சரளமாகப் படிக்கிற, ஆனால் மூன்று மணி நேரத்தில் எழுதி முடிக்க முடியாத பிள்ளை, கூடுதல் நேரம் கேட்டுப் போனால் என்ன சான்றிதழ் காட்டுவான்? வரையறையில் அசைவையும் சேர்க்க வேண்டும் என்று கேட்பது நியாயம். கேட்க ஆள் வேண்டும்.

மூன்றாவது, நம்ம காலேஜ். வளர்ந்தால் சரியாகிவிடும் என்பது பலருக்கு நடப்பதில்லை. பெரியவர்களானபிறகும் தொடர்கிறது. துடைப்பத்தில் பறந்து பந்து பிடித்த ஹாரி பாட்டராக நடித்த டேனியல் ராட்க்ளிஃப், தனக்கு லேசான டிஸ்ப்ராக்ஸியா இருப்பதையும் ஷூ லேஸ் கட்டத் தடுமாறுவதையும் 2008-ல் வெளிப்படையாகச் சொன்னார். அப்படியென்றால் முதலாம் ஆண்டு வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டிங் ஜாப்பை மூன்று தடவை ரிஜெக்ட் வாங்கி நிற்கிறவன், டிராஃப்டரை நேராக வைக்க முடியாமல் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் அரியர் வைத்திருக்கிறவள், சால்டரிங் செய்யும்போது கை சுட்டுக்கொள்கிறவன், இவர்களில் சிலர் அந்த வகுப்புக்கு இரண்டு பேரில் ஒருவராக இருக்கலாம். அவர்கள் மோசமான இன்ஜினியர் ஆவார்கள் என்று எதுவும் சொல்லவில்லை. ஃபைலை எப்படிப் பிடிப்பது என்று ஒரு தடவை தூரத்திலிருந்து காட்டிவிட்டு 'பார்த்தல்ல, செய்' என்று போய்விடும் முறைதான் மோசம்.

'எல்லாரும்தான் எதையாவது கீழே போடுகிறோம், எதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்' என்று ஒரு எதிர்வாதம் உண்டு. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. தடுமாறுகிற எல்லாப் பிள்ளைக்கும் டிசிடி இல்லை, முத்திரை குத்துவது ஆபத்து. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே பெயர் வைத்தாகிவிட்டது. சோம்பேறி, மண்டு, பொறுப்பில்லாதவன். பெயரே வேண்டாம் என்றால் முதலில் இவற்றை எடுங்க. அதன் பிறகு பேசலாம்.

அடுத்த தடவை யாருக்காவது எதையாவது செய்து காட்டி, அவர் செய்யாமல் நின்றால், 'பார்த்துச் செய்' என்று மறுபடி சொல்லாதீங்க. 'எந்த இடத்தில் நிக்குது?' என்று கேளுங்க. நம்ம சிஸ்டம் ஓடாதபோது நாம் முதலில் கேட்கிற கேள்வி அதுதானே.